சாட்சி பாட்டில்

ஜனவரி 9

அக்காவுக்கு,

நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் மணி அடித்து ஓய்ந்தது. ஐந்தாவது முறை அத்தான் எடுத்து, "அவ குளிச்சிட்டிருக்கா" என்றார். பகல் பதினொரு மணிக்கு, பார்லரில் ஆள் வந்து காத்திருக்கும் நேரத்தில், நீ வீட்டில் குளித்துக்கொண்டிருந்தாயாம். சரி, போகட்டும். பேச்சைப் பாதியில் துண்டிக்கலாம், கடிதத்தைத் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம்தான். ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். சோப்பு சுற்றி வந்த காகிதத்தைக்கூட நீ படிக்காமல் போட்டதில்லை.

போன மாதம், உன் பொண்ணு, நம்ம எறும்பு, போய் ஒரு வருடம் ஆன அன்றைக்கு, நான் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அத்தானிடம் சொன்னேன். அது பொய். லீவு நான் கேட்கவே இல்லை. உன் வீட்டுக் கதவுவரை வந்து நிற்கிற தைரியம் எனக்கு இல்லை. ஏன் என்று இந்தக் கடிதத்தில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத வருகிறதா பார்க்கிறேன்.

இந்த ஊரில் எங்கள் கம்பெனியின் புது உர ஆலை, கோழி வெட்டும் ஆலைக்கு நேர் பின்னால் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு முதல் லாரி ஈர இறகைக் கொண்டுவந்து கொட்டும். முன்பெல்லாம் அதை எரிப்பார்கள், இல்லை குழி வெட்டிப் புதைப்பார்கள். இப்போது எங்கள் டேங்கில் விழுகிறது. இங்கேயும் பாக்டீரியாவை எல்லோரும் 'பூச்சி' என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பூச்சி விடுகிற என்சைம் ஒன்றரை நாளில் இறகைக் கஞ்சி மாதிரி கரைத்துவிடும். வடிகட்டினால் பழுப்புத் தண்ணீர். செடிக்கு அவ்வளவு நல்ல உரம். இறகு, முடி, நகம், கொம்பு எல்லாம் ஒரே சரக்குதான், கெரட்டின். அதில் முடிதான் ரொம்பப் பிடிவாதம் பிடிக்கும்.

எறும்பு கேட்பாளே, "மாமா, உன் பூச்சிக்குப் பல்லு இருக்கா?" என்று. "பல்லு இல்ல, எச்சில்தான்" என்று நான் சொன்னதற்கு ஒரு வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தாள். துடைப்பம் என்று அவள் பெயர் வைத்த மீசை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கொஞ்சம் நரைத்துவிட்டது.

அக்கா, ஒரு விஷயம். ரேடியோவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுக்கொள். எட்டு வருஷம் உன் கடையைப் பெருக்கித் துடைத்தவள். வாய் ஓயாதுதான், ஆனால் கை சுத்தம். ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்காதே. கூப்பிட்டுக்கொள், அவ்வளவுதான்.

இதற்கு மேல் இன்றைக்கு எழுத வரவில்லை.

உன் தம்பி


ஜனவரி 20

தம்பிக்கு,

படித்தேன். கிழிக்கவில்லை. உன் அத்தான் மேஜைமேல் வைத்துவிட்டு, "பதில் போடு" என்றார். இந்த ஒரு வருடத்தில் அவர் தானாக வந்து என்னிடம் சொன்ன வார்த்தைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். டிவியைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் சொன்னதற்காகத்தான் எழுதுகிறேன், உனக்காக இல்லை.

லீவு கேட்கவே இல்லையாம். அதைப் பெரிய மனது பண்ணி எனக்கு எழுதுகிறாயா? அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினவன் நீ. ஆஸ்பத்திரியில் எனக்கு அழுகை வந்தால் உன்னைத்தான் உள்ளே அனுப்புவேன். அப்படிப்பட்டவன், அவள் போய் அஞ்சே மாதத்தில் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாய். போனவன் எட்டு மாதமாய் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு மகளும் போய், தம்பியும் போனான் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது ரேடியோவுக்கு வக்காலத்து வாங்க வந்துவிட்டாய். எல்லாவற்றையும் மறந்துவிட்டாய் போல, அதனால் திரும்பச் சொல்கிறேன், கேள்.

மருந்து ஏற்ற ஆரம்பித்தால் முடி கொட்டும் என்று டாக்டர் சொன்னார். கொத்துக் கொத்தாய்க் கொட்டுவதை அவள் பார்க்க வேண்டாம் என்று, என் பார்லர் நாற்காலியிலேயே உட்காரவைத்து, நானே பின்னி, மேலே நூலால் ஒரு முடிச்சு, கீழே பச்சை ரிப்பனால் ஒரு முடிச்சுப் போட்டு, நானே வெட்டினேன். அவள் கண்ணாடியில் பார்த்து, "அம்மா, தலை லேசா இருக்கு, பறந்துடுவேன் போல" என்றாள். பதினாலு வயது. அந்தப் பின்னலை வெள்ளைத் துணிப்பையில் போட்டுப் பின் அறை அலமாரியில் வைத்தேன். வீட்டில் வைத்தால் உன் அத்தான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று பயம்.

போன ஏப்ரலில் அவள் பிறந்தநாளுக்கு எடுக்கப் போனேன். பை இல்லை.

பின் அறைச் சாவி இரண்டு பேரிடம்தான். என்னிடம் ஒன்று, ரேடியோவிடம் ஒன்று. சவரி முடி கட்டி விற்கிற சவரிக்காரர் வந்து போனது அதற்கு முந்தின வாரம், அவருக்காகச் சேர்த்து வைத்த நீள முடிப் பைகளும் அலமாரியில் இல்லை. அரை முழத்துக்கு மேல் நீளமான, சாயம் படாத முடிக்கு அவர் எப்படி அலைவார் என்று உனக்கே தெரியும். ஆலைக்கு முடி மூட்டை எடுக்க வந்து போகிறவன் என்று உன்னிடமும் கேட்டேன். "மூட்டை மட்டும்தான்க்கா எடுத்துட்டுப் போனேன்" என்றாய். பிறகு யார் மீதம்? அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அந்தப் புள்ள முடிய நான் விப்பனாக்கா?" என்று திருப்பித் திருப்பி அதையே சொன்னாள். நான் நம்பவில்லை. வாசலோடு அனுப்பிவிட்டேன்.

அன்றிலிருந்து நான் எப்படி இருக்கிறேன் தெரியுமா? பஸ்ஸில் முன்னால் உட்காருகிற பெண்ணின் பின்னந்தலையைப் பார்க்கிறேன். விக் விற்கிற கடை வாசலில் நிற்கிறேன். கிட்டே போய்ப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். வலது பக்கம் கொஞ்சம் சுருட்டை, இடது பக்கம் நேர். உள்ளே போய், "இது எங்க வாங்கினது?" என்று கேட்டிருக்கிறேன். ஒரு கடையில் என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

அதனால் ரேடியோவைப் பற்றி எனக்கு எழுதாதே.

அக்கா


பிப்ரவரி 2

அக்காவுக்கு,

விக் கடை வாசலில் இனிமேல் நிற்காதே. அது அங்கே இல்லை. யார் தலையிலும் இல்லை.

நான்தான் எடுத்தேன்.

போன மார்ச் மாதம் நீ காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தாய். முடி மூட்டைகளை எடுக்க நான் வந்தேன். போனில் கேட்டேன், "பின்னால இருக்கறதெல்லாம் எடுத்துக்கோ, என்னைத் தொந்தரவு பண்ணாதே" என்றாய். ரேடியோ கதவைத் திறந்துவிட்டு முன்னால் யாருக்கோ தலை கழுவப் போய்விட்டாள். எனக்கு அந்த முறை மூட்டையில் இருக்கிற வெட்டுமுடி மட்டும் போதவில்லை. முடியைப் பொடியாக வெட்டித்தான் டேங்கில் போடுவோம், அந்த வெட்டும் மெஷின் வாரத்துக்கு இரண்டு தடவை சிக்கிக்கொண்டு நின்றுவிடும். வெட்டாமல் முழு முடியாகவே போட்டால் பூச்சி கரைக்குமா என்று பார்க்கத்தான் அந்தப் பதினான்காவது பேட்ச். அதற்கு நீள முடி வேண்டும். அலமாரியில் சவரிக்காரருக்காக நீ சேர்த்து வைத்திருந்த துணிப்பைகள் வரிசையாக இருந்தன. நாலு பையையும் எடுத்துக்கொண்டேன்.

நாலும் ஒரே மாதிரி இருந்தன, அக்கா. கடையில் வருகிறவர்கள் மேல் போர்த்தும் துணி நைந்துபோனால் அதிலேதானே நீ எல்லாப் பையும் தைப்பாய். வேறு யாராக இருந்தாலும் ஒரு கைப்பையிலோ பெட்டியிலோ வைத்திருப்பார்கள். நீ அப்படி வைக்கவில்லை. உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நான் ஒரு பையையாவது பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். ஆலையில் பையைப் பிரித்துக் கொட்டியது லோடு இறக்குகிறவர்கள். அவர்களுக்கு முடி எல்லாம் முடிதான்.

எனக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. டேங்கைக் காலி செய்யும்போது அடியில் இருக்கிற வடிகட்டியில் ஒரு ரிப்பன் கிடந்தது. பச்சை நைலான். நைலானைப் பூச்சி தொடாது. முனையை மெழுகுவர்த்தியில் காட்டிப் பொசுக்கியிருந்தது. நூல் பிரியாமல் இருக்க அப்படிச் செய்வது இந்த உலகத்தில் நீ ஒருத்திதான்.

அந்த ரிப்பனை இதோடு அனுப்புகிறேன். இத்தனை நாள் பேட்ச் நோட்டுக்குள் வைத்திருந்தேன்.

ஏப்ரலில் நீ கேட்டபோது வாய் வரைக்கும் வந்தது. நீ ரேடியோ பெயரைச் சொன்னாய். உன் குரலில் யார்மேலாவது கோபப்பட ஒரு ஆள் கிடைத்த தெம்பு இருந்தது. கோபத்திலாவது நீ எழுந்து உட்கார்ந்தாயே என்று இருந்தது. அப்படிச் சொல்லித்தான் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். ஒன்றும் தெரியாத ஒரு பொம்பளை தலையில் திருட்டுப் பட்டம் விழுந்ததை நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. ரேடியோவிடம் மட்டும் போய்ச் சொல். இல்லையென்றால் நானே வந்து சொல்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 11

தம்பிக்கு,

ரிப்பன் வந்தது.

இரண்டு நாள் அதைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் கடையில், பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துண்டு விரித்து அதன்மேல் வைத்துப் பார்த்தேன். முடிச்சு அவிழவில்லை. நான் போட்ட முடிச்சு அவிழாது. அதற்குள் நாலு முடி மாட்டிக்கொண்டு இருந்தது. நீ பார்க்கவில்லை போல.

ஒன்றை ஊசியால் மெதுவாக எடுத்தேன். தண்ணீரில் நனைத்து இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தேன். முடி நல்லதா கெட்டதா என்று நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். வெந்துபோன முடி இழுத்தவுடன் பஞ்சு மாதிரி வந்துவிடும். இது நீண்டது, விட்டதும் பழைய நீளத்துக்கே திரும்பியது. உயிருள்ள முடி. இன்னும் கொஞ்சம் இழுத்தேன், அப்புறம்தான் அறுந்தது.

அடியில், கடைசியில், எல்லாம் கரைந்த பிறகு கிடந்தது என்று எழுதியிருக்கிறாய். எல்லாவற்றையும் தின்ற டேங்க் இதை மட்டும் இப்படியா விட்டுவைக்கும்?

இந்த ரிப்பன் சீக்கிரமே வெளியே வந்திருக்கிறது. எப்போது வந்தது என்று எழுது. இந்த முறை உண்மையை எழுது. உன் பொய்யைச் சோதிக்க அவள் முடியில் ஒன்றைச் செலவழித்துவிட்டேன். மூன்றுதான் இருக்கிறது.

அக்கா


பிப்ரவரி 19

அக்காவுக்கு,

மூன்றாம் நாள்.

டேங்கின் பக்கவாட்டில் ஒரு சின்ன வடிகட்டி உண்டு. தினமும் காலையில் அதைக் கழற்றிக் கழுவ வேண்டும். மூன்றாம் நாள் காலை நான்தான் கழற்றினேன். ரிப்பன் அதில் இருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்தேன்.

பிறகு ஏணியில் ஏறி மூடியில் இருக்கிற கண்ணாடி வட்டத்தின் வழியாகப் பார்த்தேன். உள்ளே விளக்குப் போட்டால் தெரியும். உதிரி முடி எல்லாம் கூழாகிச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் பின்னல் வந்தது. கீழ் முனை மெலிந்து முடிச்சு நழுவியிருந்தது, மேலே எல்லாம் அப்படியே இருந்தது. நீ பின்னின பின்னல், அக்கா. அவ்வளவு இறுக்கமான பின்னலுக்குள் என்சைம் சீக்கிரம் புகாது. கலக்கும் தண்டு சுற்றச் சுற்ற அது கண்ணாடிக்குக் கீழே வந்து போனது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்தது.

மோட்டாரை நிறுத்தி மூடியைத் திறந்தால் எடுத்திருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. திறந்தால் வெளிக் கிருமி உள்ளே போய்விடும், சூடு இறங்கிவிடும், பேட்ச் அழுகிவிடும். அதற்கு முந்தின மூன்று பேட்ச் அப்படித்தான் போயிற்று. இதுவும் போனால் முடி வேலையையே மூடிவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். ஏழாம் நாள் பெரிய ஆட்கள் பார்க்க வருவதாக இருந்தது. அதை நம்பி ஒன்பது பேர் வேலையில் இருந்தோம்.

இதெல்லாம் காரணம்தான். இத்தனை மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டது. ஆனால் நீ உண்மையை எழுதச் சொன்னாய்.

ஐந்தாம் நாள் மறுபடி ஏறிப் பார்த்தேன். பின்னல் பாதியாக மெலிந்திருந்தது. 'வெட்டாத முடியையும் பூச்சி கரைக்கிறது, பின்னலையே கரைக்கிறது' என்று எனக்குத் தோன்றியது. சந்தோஷமாக இருந்தது, அக்கா. ஒரு நொடிதான். ஆனால் சந்தோஷம்தான், வேறு பெயர் இல்லை அதற்கு. அடுத்த நொடி அது யாருடைய முடி என்று உறைத்தது. ஏணியிலிருந்து இறங்கி வெளியே போய்விட்டேன். அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஓடிவந்தேன்.

ஏழாம் நாள் வந்தவர்கள் பார்த்தார்கள், கை குலுக்கினார்கள். அவர்கள் பார்த்தபோது கண்ணாடியில் கூழ் மட்டும்தான் தெரிந்தது. அவர்கள் போனதும் திறந்திருக்கலாம். அப்போது அது விரல் பருமன்கூட இல்லை. கொக்கி பட்டால் பிய்ந்து போயிருக்கும். பிய்ந்ததைக் கையில் ஏந்திக்கொண்டு உன்னிடம் எப்படி வருவது என்று பயந்தேன். பேட்ச்சை இறக்கவும் மனம் வரவில்லை. இன்னும் ஓட்டிப் பார்க்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, தினமும் காலையில் போய் ஏணியில் நின்றேன். ஒரு நாள் எட்டு நிமிஷம் நின்றேன், பத்து நிமிஷம் நின்றேன், அது வரவில்லை.

அந்தப் பேட்ச்சை வைத்துத்தான் எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு பாட்டில் எடுத்து, சீல் வைத்து, தேதி போட்டு ஒரு வருடம் பூட்டி வைப்போம். பின்னால் யாராவது குறை சொன்னால் எடுத்துச் சோதிப்பதற்கு. சாட்சி பாட்டில் என்று சொல்வோம். வருடம் முடிந்ததும் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, கொட்டிவிட வேண்டும். பதினான்காவது பேட்ச் பாட்டிலை நான் இங்கே வரும்போது கூடவே கொண்டுவந்துவிட்டேன். மற்றதெல்லாம் எந்தெந்தத் தோட்டத்துக்கோ போய்விட்டது. இது ஒன்றுதான் மீதம். மார்ச் பதினாலாம் தேதி வருடம் முடிகிறது.

அதை என்ன செய்வது என்று சொல். கொண்டுவந்து கொடு என்றால் கொடுக்கிறேன், விதிப்படி கொட்டு என்றால் கொட்டுகிறேன். நீ சொல்லாமல் தொடமாட்டேன்.

தம்பி


மார்ச் 1

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று கடையைத் திறக்கவில்லை. அடுத்த நாள் ரேடியோ வீட்டுக்குப் போனேன்.

அவள் கதவைத் திறந்து, "வாங்க, உக்காருங்க" என்றாள். பிறகு ஒரு மணி நேரம் பேசினாள். குழாயில் தண்ணீர் வராதது, மருமகளுக்குப் பல்வலி, மாடியில் குடிவந்தவர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டே இருப்பது. என்னை வாய் திறக்கவே விடவில்லை. கடைசியில் நான்தான் குறுக்கே புகுந்து, "தப்பு என்மேல, எடுத்தது என் தம்பி" என்றேன். "எட்டு வருஷம் பார்த்தவங்களுக்கு என்னைத் தெரியும்னு நெனச்சேன்க்கா" என்றாள். திரும்ப வரச் சொன்னேன். வேறு பார்லரில் வேலை செய்கிறாளாம், அங்கே டீ நன்றாக இருக்கிறதாம். வரமாட்டாள். அதை நீயும் நானும் சேர்ந்து சுமக்க வேண்டியதுதான்.

உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுதத் தெரியவில்லை. அந்த நாலு நிமிஷம் என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தலை பின்னும்போது, தட்டுக் கழுவும்போது, எப்போதும் சுற்றுகிறது. நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை அவள் முடி உன் கண்முன்னால் வந்திருக்கிறது. நீ பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய்.

ஆனால் நீ எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். நான் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு நாற்காலியில், வெட்டி முடித்ததும், பின்னலை அவள் மடியில் வைத்தேன். தூக்கி எடை பார்த்தாள். பிறகு, "அம்மா, இதை மாமாவோட பூச்சிக்குக் குடு" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "நெஜமாத்தான்மா. மாமா ஒரு வாரத்துல எந்த முடியையும் கரைச்சிடுவேன்னு பெருமை அடிக்கிறார்ல. என் முடி பத்து நாள் தாங்கும். தாங்கினா மாமா அந்தத் துடைப்ப மீசையை எடுக்கணும், உன் கையால. தாங்கலன்னா நான் இனிமே கிண்டல் பண்ணமாட்டேன்." உன்னிடம் சொல்லச் சொன்னாள். ஆஸ்பத்திரியிலும் இரண்டு தடவை கேட்டாள், "மாமாகிட்டப் பந்தயத்தைச் சொன்னியா?" என்று. சொல்லிவிட்டேன் என்றேன்.

சொல்லவில்லை. கொடுக்க எனக்கு மனம் இல்லை. அவளில் மிச்சம் இருக்கப்போவது அது ஒன்றுதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதனால் பையில் போட்டு, உன் கண்ணில் படாமல் மற்றப் பைகளுக்கு நடுவில் வைத்தேன். ஒரே மாதிரி பையில் வைத்ததற்குக் காரணம் அதுதான். உன்னிடமிருந்து ஒளிக்கத்தான்.

இதைச் சொல்வதால் நீ செய்தது சரியாகிவிடாது. அவள் கொடுக்கச் சொன்னாள், நீ எடுத்துக்கொண்டாய். இரண்டும் ஒன்றில்லை. ஆனால் சாகப்போகிற பிள்ளையிடம் நானும்தான் பொய் சொன்னேன். இந்த ஒரு வருடம் அதை யாரிடமும் சொல்லாமல் ரேடியோமேல் கத்திக்கொண்டிருந்தேன். நேற்று உன் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய் டிவியை அணைத்தார். பிறகு ரொம்ப நேரம் இரண்டு பேரும் அழுதோம்.

பாட்டில் எனக்கு வேண்டாம். வீட்டில் பழுப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மூன்று முடி இருக்கிறது, எனக்கு அது போதும். விதிப்படி கொட்டிவிடு. ஆனால் பதினாலாம் தேதி நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். வருவதற்கு முன்னால் கொட்டாதே. இரண்டு கையெழுத்து வேண்டும் என்றாயே, ஒன்று நான் போடலாமா என்று கேட்டுப் பார்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எல்லாம் எழுதியிருக்கிறாய், எத்தனை நாள் என்று மட்டும் எழுதவில்லை. ஒரு நாள் வரவில்லை என்கிறாய். எந்த நாள்?

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

ரிப்போர்ட்டில் ஏழு நாள் என்று எழுதியிருக்கிறேன். ஆபீசில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அதுதான். ஆனால் என் நோட்டில் ஒரு பக்கம் தனியாக இருக்கிறது. எட்டாம் நாள், வந்தது. ஒன்பதாம் நாள், வந்தது. பத்தாம் நாள், நூல் மாதிரி, ஆனால் வந்தது. பதினோராம் நாள் காலை எட்டேகாலுக்கு ஒரு தடவை வந்தது. அதற்குப் பிறகுதான் வரவில்லை. அப்போது எனக்குப் பந்தயம் எதுவும் தெரியாது. எதற்காக இதை எழுதி வைக்கிறேன் என்றும் தெரியாமல்தான் எழுதினேன்.

கையெழுத்துக்குக் கேட்டுவிட்டேன், போடலாமாம். ஆலைக்குப் பின்னால் வேலி ஓரம் புதிதாகச் செடி வைத்திருக்கிறார்கள். அங்கே கொட்டலாம். எந்தச் செடி என்று நீ பார்த்துச் சொல். காலை பஸ்ஸில் வந்தால் பத்து மணிக்கு இங்கே இருப்பீர்கள். நான் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

அவள் ஜெயித்துவிட்டாள், அக்கா. வரும்போது கத்தரிக்கோலையும் சவரக் கத்தியையும் எடுத்துக்கொண்டு வா.

தம்பி